மூன்று மிதி

நான் பிறக்கும்போது கால்தான் முதலில் வெளியே வந்தது. அம்மா அதை ஒரு குற்றமாகவே கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தாள். "எல்லாப் புள்ளையும் தலையக் காட்டிக்கிட்டு வரும். இவ என்னை ஒதைச்சிக்கிட்டு வந்தா" என்பாள்.

எங்கள் ஆட்களிடம் ஒரு நம்பிக்கை உண்டு. கால் முன்னால் வந்து பிறந்தவர் மிதித்தால் முதுகுப் பிடிப்பு விட்டுவிடும். மலேசியாவில் செமோர் பக்கத்தில் எங்கள் தோட்டம். அங்கே முதுகு வலிக்காத ஆளே கிடையாது. ரப்பர் பால் வாளி சுமந்தவர்கள், உர மூட்டை தூக்கியவர்கள், குனிந்து குனிந்து பாலுக்காக மரப் பட்டை வெட்டியவர்கள். அத்தனை பேரும் என்னிடம்தான் வந்தார்கள். பதிமூன்று வயதில் மிதிக்க ஆரம்பித்தேன். கல்யாணமாகி அடுத்த லயத்து வரிசை வீட்டுக்குப் போன பிறகும் விடவில்லை.

அதற்கு ஒரு முறை இருந்தது. காலையில் வெறும் வயிற்றோடு வரவேண்டும். வாசலுக்கு உள்ளே பாயில் குப்புறப் படுக்கவேண்டும். நான் இடது காலால் மூன்று தரம் மிதிப்பேன். இப்படி மூன்று நாள். மிதிக்கிறவளும் பேசக்கூடாது, படுத்திருக்கிறவரும் பேசக்கூடாது. போகும்போது நன்றி சொல்லக்கூடாது. நான் வெற்றிலைகூட வாங்கக்கூடாது. மிதி என்று பெயரே தவிர உடம்பு பாரத்தை இறக்குவது இல்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு குதிகாலை வைத்து ஓர் அழுத்து அழுத்தி எடுப்பது. பாதிப் பேருக்கு வலி விட்டது. நான் மிதிக்காமல் இருந்திருந்தாலும் பாதிப் பேருக்கு விட்டிருக்கும் என்று இப்போது நினைக்கிறேன். அப்போது அப்படி நினைக்கவில்லை. நினைக்க ஆசையும் இல்லை. படித்தது ஐந்தாம் வகுப்பு. கையில் வெட்டுக் கத்தி. என்னை யாராவது தேடி வந்தார்கள் என்றால் அது இந்தக் காலுக்காகத்தான்.

பக்கத்து வீட்டுக்காரர் வருசத்துக்கு இரண்டு தரமாவது வந்து படுப்பார். என் கணவரோடு வேலை செய்தவர். பேசாமல் இரு என்றால் அவருக்கு வாய் நிற்காது.

"அண்ணி, காலக் கழுவிட்டீங்களா? இப்பதான் மாட்டுக் கொட்டாய்ப் பக்கம் போனதப் பாத்தேன்."

"பேசாதிங்க. பேசினா பலிக்காது."

"பலிக்காட்டி நாளைக்கும் வாரேன் லா. எனக்கென்ன, பாய் சும்மாதான கெடக்கு."

அவர் மனைவி எனக்கு அடுத்த மர நிரையில் பால் வெட்டியவள். என்னைவிட நாலு வயது சின்னவள். அக்கா என்பாள். நான் முழுகாமல் இருந்த மாதங்களில் என் பால் வாளியையும் சேர்த்து அவள்தான் தூக்கிக்கொண்டு போனாள். கேட்டுச் செய்யவில்லை. தூக்கிக்கொண்டு போய்விடுவாள். இந்த இரண்டு பேரையும் இங்கேயே சொல்லிவைக்கிறேன்.

தோட்டத்தில் நான் மிதிக்காத முதுகு ஒன்று இருந்தது. அது என் கணவருடையது. கல்யாணமான வாரத்திலேயே மாமியார் சொல்லிவிட்டார்.

"ஊர ஒலகத்த மிதிச்சிக்க. எம்மவன் மேல மட்டும் ஒன் காலு படக்கூடாது. புருசன மிதிச்சவ குடும்பம் வெளங்காது."

கணவர் சிரித்தார். "எனக்கும் வேணாம். நாளைக்குச் சண்டை வந்தா சொல்லிக் காட்டுவ."

அவருக்கு அப்போது முதுகு நன்றாக இருந்தது.

எழுபதுகளின் நடுவில் ரப்பரில் பாதியை வெட்டித் தள்ளிவிட்டு எண்ணெய் எடுக்கிற செம்பனை போட்டார்கள். பெண்களை மிச்சம் இருந்த ரப்பருக்கு விட்டார்கள். ஆண்கள் செம்பனைக்குப் போனார்கள். என் கணவருக்கும் பக்கத்து வீட்டுக்காரருக்கும் குலை ஏற்றுகிற வேலை. செம்பனைக் குலை ஒரு பிள்ளை கனம் இருக்கும், பெரிய குலை பத்து வயதுப் பிள்ளை கனம். கூரான கம்பியால் குத்தி, இடுப்பைத் திருப்பி, தலைக்கு மேலே லாரிக்குள் எறியவேண்டும். ஒரு நாளில் எத்தனை எறிந்தார்கள் என்று அவர்களுக்கே தெரியாது.

ஒரு நாள் எறிந்த குலை லாரிக்குள் விழுந்தது. அவர் நிமிரவில்லை. குனிந்தபடியே வீட்டுக்கு வந்தார். தோட்டத்து மருந்துக் கொட்டகை டிரசர் வெள்ளை மாத்திரையும் தேய்க்கிற எண்ணெயும் கொடுத்தார். நான்கு மாதம் அதிலேயே ஓடியது. வலி முதுகை விட்டு இடது தொடைக்கு வந்தது. தொடையை விட்டுக் கெண்டைக்காலுக்கு வந்தது. மாமியார் முருங்கை இலையை வதக்கி வைத்துக் கட்டினார். மிதி என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

ஒரு காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கிற பெரட்டுக்குப் போய்த் திரும்பி வந்தார். இடது காலில் சிலிப்பர் இல்லை.

"எங்கங்க சிலிப்பர்?"

குனிந்து பார்த்தார். அவருக்கே அப்போதுதான் தெரியும். வழியில் எங்கேயோ கழன்று விழுந்திருக்கிறது, கால் சொல்லவில்லை. திரும்பிப் போய்த் தேடி எடுத்து வந்தேன். பள்ளிக்கூடத்துக்கு முன்னால் கிடந்தது. அங்கிருந்து வீடுவரை செம்மண் ரோட்டில் வெறுங்காலோடு நடந்திருக்கிறார். உள்ளங்காலில் கண்ணாடித் துண்டு ஏறியிருந்தது. அதுவும் தெரியவில்லை.

அதைப் பார்த்துத்தான் டிரசர் பயந்தார். ஈப்போவுக்கு அனுப்பினார்.

ஈப்போ ஆஸ்பத்திரியில் டாக்டர் சீனர். மலாயில் பேசுவார். ஒரு தமிழ் நர்ஸ், மிஸி என்போம், அவள்தான் எங்களுக்குத் தமிழில் சொல்லுவாள். முதுகில் மருந்து ஏற்றிப் படம் எடுத்தார்கள். மிஸி படத்தைக் காட்டி, எலும்புக்கும் எலும்புக்கும் நடுவில் மெத்தை மாதிரி ஒன்று இருக்கிறது, அது கிழிந்து உள்ளே இருப்பது பிதுங்கி நரம்பை அமுக்குகிறது, பிதுங்கியதை வெட்டி எடுக்கவேண்டும் என்றாள். எடுக்காவிட்டால் பாதம் செத்துப்போகும் என்றாள்.

மாமியார் அழுதார். கணவர் கைநாட்டு வைத்தார்.  

வெட்டினார்கள். நாலாம் நாள் நடக்கவிட்டார்கள். வார்டின் அந்தக் கோடிவரை நடந்து திரும்பி வந்தார். சிலிப்பர் காலிலேயே இருந்தது. நான் அதை மட்டும்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்கு அனுப்பும்போது மிஸி ஒவ்வொன்றாகச் சொன்னாள். "ஒன்றரை மாசத்துக்குக் குனியக்கூடாது. ஒண்ணும் தூக்கக்கூடாது. கக்கூஸ்ல குந்தக்கூடாது, நாற்காலில ஓட்டை போட்டுக் குடுங்க. எண்ணெ போட்டு உருவக்கூடாது. உருவுற ஆளுகிட்டப் போகவே கூடாது. வெளங்குதா அக்கா?"

விளங்கியது என்றேன். மிதிக்கக்கூடாது என்று அவள் சொல்லவில்லை. எந்த மிஸிக்கு அது தோன்றும்?

வீட்டில் மூன்று வாரம் ஒழுங்காகப் போயிற்று. நாற்காலியில் ஓட்டை போட்டுக் கொடுத்தது பக்கத்து வீட்டுக்காரர்தான். "அண்ணே, துரைக்குக்கூட இப்படி ஒரு சிம்மாசனம் கெடையாது லா" என்றார். சிரித்தால் கணவருக்கு முதுகு இழுக்கும். "போடா, சிரிக்க வைக்காத" என்பார்.

நாலாவது வாரம் தோட்டத்துக் கணக்கு எழுதுகிற கிராணி ஆள் அனுப்பினார். குலை ஏற்ற இனி இவரால் முடியாது என்று அவருக்குத் தெரியும். ஸ்டோரில் ஜாகா வேலை ஒன்று காலியாகிறது, காவல் வேலைதான், மாதம் பிறந்ததும் நிமிர்ந்து நடந்து வந்து கேட்டால் தரலாம், இல்லையென்றால் வேறு ஆளுக்குப் போய்விடும் என்று சொல்லி அனுப்பினார். மாதம் பிறக்க எட்டு நாள்தான் இருந்தது.

அந்த எட்டு நாளில்தான் முதுகு பிடித்துக்கொண்டது. கால் வலி இல்லை. வெட்டின இடமும் ஆறியிருந்தது. முதுகு மட்டும் பலகை மாதிரி விறைத்துக்கொண்டது. எழுந்து நின்றால் ஒரு பக்கம் சாய்ந்து நின்றார். சாய்ந்து நிற்பவனுக்கு யார் காவல் வேலை கொடுப்பார்கள்?

மாமியார் இரண்டு நாள் பார்த்தார். மூன்றாம் நாள் சோறு போடும்போது என்னைப் பார்த்துச் சொன்னார்.

"ஊருல உள்ளவன் முதுகெல்லாம் ஒனக்கு முதுகு. எம்மவன் முதுகு மட்டும் என்னா?"

"நீங்கதான அத்தே வேணாம்னு சொன்னீங்க."

"அப்ப சொன்னேன். அப்ப அவனுக்கு ஒண்ணும் இல்ல."

"மிஸி உருவக்கூடாதுன்னு சொல்லியிருக்கா."

"உருவக்கூடாதுன்னுதான சொன்னா? ஒன்ன யாரு உருவச் சொன்னா? உள்ள இருந்தத டாக்டர் எடுத்திட்டான். வெளிய இருக்கிற புடிப்ப எடுக்கத்தான் காலு. ரெண்டும் வேற வேற."

அது எனக்கு நியாயமாகப் பட்டது. பொய் சொல்லப் போவதில்லை. உள்ளே கத்தி, வெளியே கால் என்று நானும் நம்பினேன். இவ்வளவு வருசம் என்னைத் தள்ளி வைத்தவர் இன்று என் காலைக் கேட்கிறார் என்று உள்ளுக்குள் ஒரு திமிரும் இருந்தது. அதையும் சொல்லிவிடுகிறேன்.

கணவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். பிறகு, "மிதி. மூணு தரம்தான" என்றார்.

மறுநாள் பெரட்டுக்குப் போகும் முன்னால் பாயை விரித்தேன். அவர் குப்புறப் படுக்கவே வெகு நேரம் ஆயிற்று. வெட்டின தழும்பு இடுப்புக்கு மேலே விரல் நீளத்துக்குச் சிவப்பாக இருந்தது. அதைத் தொடாமல் ஒரு பக்கமாகக் குதிகாலை வைத்தேன். இத்தனை வருசத்தில் என் கால் அவர் மேல் பட்டது அதுதான் முதல் தரம். அவர் உடம்பு சூடாக இருந்தது. மற்றவர்கள் முதுகில் நான் அதைக் கவனித்ததே இல்லை. மூன்று தரம் அழுத்தி எடுத்தேன். அவர் பேசவில்லை. நானும் பேசவில்லை.

எழுந்து நின்றார். சாய்வு கொஞ்சம் குறைந்திருந்தது. இரண்டாம் நாள் இன்னும் குறைந்தது. மூன்றாம் நாள் நிமிர்ந்து நின்று, "எடுத்துப் போட்ட மாதிரி இருக்கு" என்றார். மாமியார் என் முகத்தைப் பார்த்துச் சிரித்தார். எனக்கு நினைவு தெரிந்து அந்த ஒரு தரம்தான். நான் மரம் வெட்டப் போனேன். அன்று பால் நன்றாக இறங்கியது.

பகலில் பால் கொட்டகையில் நிற்கும்போது மாமியார் மூச்சு வாங்க வந்தார். வீட்டுக்கு ஓடினேன். கணவர் பாயில் மல்லாந்து கிடந்தார். இரண்டு காலிலும் வலி. இடது பாதம் தொங்கியது. தொடைக்கு நடுவில் தொட்டால் தெரியவில்லை என்றார். மூத்திரம் முட்டுகிறது, வரவில்லை என்றார். அவர் மனிதர் முன்னால் அழுது நான் பார்த்ததில்லை. பக்கத்து வீட்டுக்காரர்தான் தோட்டத்து லாரியைப் பிடித்து, கதவு ஒன்றைக் கழற்றி அதில் அவரைப் படுக்கவைத்து, ஈப்போவரை கூடவே வந்தார். வழியெல்லாம், "அண்ணே, இந்தா வந்திடுச்சி. இந்தா வந்திடுச்சி" என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

அதே டாக்டர். பார்த்த உடனே முகம் மாறியது. உடனே மறுபடி வெட்டவேண்டும், மணிக்கணக்கு முக்கியம் என்றார். என்ன நடந்தது என்று கேட்டார்.

"ஜாத்தோ கா? அங்கட் பாராங் கா?"

விழுந்தாயா, பாரம் தூக்கினாயா என்று கேட்கிறார். அந்த அளவு மலாய் எனக்குத் தெரியும். மிஸியும் தமிழில் கேட்டாள். "நெசத்தச் சொல்லுங்க. யாராச்சும் உருவினாங்களா? திட்டுறதுக்குக் கேக்கல."

மாமியார், "ஒண்ணும் இல்லம்மா. சும்மாதான் படுத்திருந்தான்" என்றார்.

நான் கட்டிலின் கால்மாட்டில் நின்றேன். வாயைத் திறந்தேன். கணவர் என்னைப் பார்த்தார்.

"சைக்கிள்ல போனேன்" என்றார். "கிராணி ஆபீசுக்கு."

டாக்டர் தலையை ஆட்டி எழுதிக்கொண்டார். கட்டிலைத் தள்ளிக்கொண்டு போனார்கள்.

சைக்கிள் எங்கள் வீட்டுப் பின்னால் சுவரோரம் கிடந்தது. அவருக்கு முடியாமல் போன நாளிலிருந்து அது அங்கேதான். இரண்டு டயரிலும் காற்று இல்லை. எனக்கு அது தெரியும். என்னைக் காப்பாற்ற அவர் பொய் சொல்கிறார் என்று புரிந்துகொண்டேன். தொங்குகிற காலோடு, மூத்திரம் போகாத வேதனையோடு, இந்த மனிதர் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. அதை நான் பல வருசம் நெஞ்சில் வைத்திருந்தேன். அவர் கோபத்தில் தட்டை எறிந்தபோதும், பேசாமல் வாரக்கணக்கில் இருந்தபோதும் அதை நினைத்துப் பொறுத்துக்கொண்டேன்.

இரண்டாவது வெட்டுக்குப் பிறகு வார்டில் ஒரு மாதத்துக்கு மேல் கிடந்தார். அந்த வரிசையில் மூன்று பேர் இரண்டாம் தரம் வந்தவர்கள். ஒரு பெரியவருக்கு இனிப்பு நீர், சர்க்கரை வியாதி. வெட்டின இடம் உள்ளே சீழ் வைத்து, திறந்து கழுவியிருந்தார்கள். இன்னொருவர் பாரிட் புந்தாரில் நெல் லாரி ஓட்டுகிறவர். ஒரு மாதத்தில் வண்டி எடுத்துவிட்டார். மூன்றாவது என் கணவர். லாரிக்காரர் சும்மா இருக்கமாட்டார்.

"நீங்க தோட்டத்து ஆளுதான அண்ணே? மொதப் பட்டைய வெட்டுவாங்க. மறுபட்டை வந்தா அதையும் வெட்டுவாங்க. பால் நின்னா சாச்சிடுவாங்க. நாம இப்ப மறுபட்டை லா."

பெரியவர் தன் மருமகள் காயத்தைச் சரியாகத் துடைக்கவில்லை என்றார். லாரிக்காரர் முதலாளி நெருக்கினான் என்றார். எல்லாரிடமும் காரணம் இருந்தது. எல்லாக் காரணத்துக்கும் வேறு ஓர் ஆள் இருந்தார். என் கணவர் மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. நான் அவருடைய காலைத் துடைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தேன்.

மூத்திரம் திரும்ப வந்தது. இடது பாதம் வரவில்லை. தரையில் தட்டித் தட்டித்தான் நடப்பார். சிலிப்பர் நிற்காது. சைக்கிள் டியூபை வளையமாக வெட்டி, சிலிப்பரோடு சேர்த்துப் பாதத்தில் மாட்டிக்கொள்வார். ஜாகா வேலை வேறு ஆளுக்குப் போய்விட்டது.

தோட்டத்தில் மாமியார் ஒரு கதை சொன்னார். ஈப்போ டாக்டர் முதல் தரம் தப்பாக வெட்டிவிட்டான், அதனால்தான் இரண்டாம் தரம் வெட்டினான் என்று. லயம் முழுக்க அது போயிற்று. தண்ணீர்க் குழாயில் என்னிடமே கேட்டார்கள்.

"மொதத் தரம் தப்பா வெட்டிட்டானாமே?"

நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆம் என்றும் சொல்லவில்லை. வாளியை நிரப்பிக்கொண்டு வந்தேன். அந்தக் கதைக்குள் நான் ஒளிந்துகொண்டேன். அது எனக்கு வசதியாக இருந்தது. எங்களுக்கு ஒரு கெடுதலும் செய்யாத மனிதர் அந்த டாக்டர்.

பக்கத்து வீட்டுக்காரருக்கு மறு வருசம் அதே நோய் வந்தது. அதே குலை, அதே திருப்பு. அவருக்கு வலது கால். டிரசர் இந்தத் தரம் உடனே ஈப்போவுக்கு அனுப்பினார். படம் எடுத்தார்கள். வெட்டவேண்டும் என்றார்கள். அவர் கையெழுத்துப் போடாமல் பஸ் ஏறி வந்துவிட்டார். நேரே என் வாசலுக்கு வந்தார். மனைவி அவர் கையைப் பிடித்திருந்தாள்.

"அண்ணி, பாயப் போடுங்க" என்றார். "அங்க போனா அண்ணன் மாதிரி ரெண்டு தரம் அறுப்பான். எனக்கு ஒங்க காலு போதும்."

மாமியார் வாசலில் உட்கார்ந்து அரிசி பொறுக்கிக்கொண்டிருந்தார். கை நின்றது. கணவர் உள்ளே நாற்காலியில் இருந்தார். எல்லாருக்கும் கேட்கும்.

அப்போது நான் சொல்லியிருக்கவேண்டும். டாக்டர் தப்பாக வெட்டவில்லை, நான்தான் மிதித்தேன், போய் வெட்டிக்கொள்ளுங்கள். அவ்வளவுதான், நாலு வார்த்தை. என் வாயில் அது வரவில்லை. புருசனை மிதித்து முடமாக்கினவள் என்று ஊர் சொல்லும். கணவர் எனக்காகச் சொன்ன பொய் வெளியே வரும். இதெல்லாம் அந்த நேரத்தில் யோசித்தேனா என்று தெரியவில்லை. பயம், அவ்வளவுதான்.

"நான் இப்ப மிதிக்கிறதில்ல" என்றேன்.

"ஏன் அண்ணி? என்னா கோவம்?"

"கோவம் இல்ல. காலுல ராசி போச்சி. ஆஸ்பத்திரிக்கே போங்க."

"ஆஸ்பத்திரியா? அண்ணனக் கண்ணால பாத்த பின்னாடியா?" என்று உள்ளே கையைக் காட்டினார். சிரித்தார். சிரித்ததில் வலி இழுத்து முகம் கோணியது.

அவர் மனைவி என்னையே பார்த்தாள். "அக்கா, ஒரே ஒரு தரம்" என்றாள். என் பால் வாளியைக் கேட்காமல் தூக்கிக்கொண்டு போனவள்.

நான் உள்ளே போய்விட்டேன்.

லகாட் ஊரில் ஒருத்தி இரட்டைப் பிள்ளை பெற்றவள், அவள் மிதித்தாலும் கேட்கும் என்று யாரோ சொன்னார்கள். அங்கே போனார்கள். பிறகு எண்ணெய் போடுகிறவரிடம் போனார்கள். ஒரு வருசம் போனார்கள். இரண்டு காலும் இழுத்துக்கொண்ட பிறகு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனபோது, நரம்பு செத்து ரொம்ப நாளாகிவிட்டது, வெட்டினாலும் நடை வராது என்றார்கள்.

எண்பதுகளின் தொடக்கத்தில் நாங்கள் தோட்டத்தை விட்டு ஈப்போவுக்கு வந்தோம். மாடி வீடு, மூன்றாவது மாடி. நான் ஒரு சாப்பாட்டுக் கடையில் தட்டுக் கழுவினேன். கணவர் கீழே ஒரு கடையில் உட்கார்ந்து பொட்டலம் கட்டினார். மாமியார் வந்த மறு வருசம் போய்விட்டார். சாகும்வரை டாக்டர் தப்பாக வெட்டினதாகத்தான் சொன்னார். கடைசியில் அவரே நம்பிவிட்டார் என்று நினைக்கிறேன்.

கணவரை வருசத்துக்கு ஒரு தரம் ஆஸ்பத்திரியில் காட்டவேண்டும். ஒரு தரம் அவரைப் படம் எடுக்க அழைத்துப் போனபோது நானும் டாக்டரும் மிஸியும் மட்டும் இருந்தோம். அதே டாக்டர், தலை நரைத்திருந்தது. நான் மிஸியிடம் சொன்னேன். மூன்று நாள் மிதித்ததைச் சொன்னேன். மிஸி எழுந்து நின்றுவிட்டாள். டாக்டரிடம் சொன்னாள்.

அவர் என்னைத் திட்டுவார் என்று நின்றேன். அவர் பேனாவை மூடிவிட்டு மெல்லப் பேசினார். மிஸி தமிழில் சொன்னாள்.

"வெளிய பிதுங்குனத மட்டுந்தான் எடுப்பாங்களாம். உள்ள மிச்சம் இருக்கும். மெத்தையில கிழிஞ்ச ஓட்டை லேசுல அடையாது. அது வழியா இன்னொரு துண்டு வரலாம். சில பேருக்கு இருமினாலே வருமாம். சில பேருக்கு மூட்டை தூக்குனாலும் வராதாம். ஒன் காலால வந்துச்சா, சைக்கிளால வந்துச்சா, சும்மாவே வந்திருக்குமான்னு யாராலயும் சொல்ல முடியாதுங்கறாரு. ஆனா அன்னிக்கே சொல்லியிருக்கணும்ங்கறாரு."

ஆறுதலுக்குச் சொன்னாரா, உண்மையே அதுவா, தெரியவில்லை. எனக்கு ஆறுதலாக இல்லை. என் குற்றம் என்றாவது உறுதியாகத் தெரிந்திருந்தால் அதைப் பிடித்துக்கொண்டு இருந்திருப்பேன்.

அதற்குப் பிறகு சில மாதத்தில் பக்கத்து வீட்டுக்காரருடைய மனைவி ஈப்போவுக்கு வந்தாள். தோட்டத்து வீட்டில் கட்டிலில் கிடக்கிற புருசனுக்கு மூத்திரக் குழாய் வாங்க வந்தவள், வீட்டைத் தேடி மூன்று மாடி ஏறி வந்தாள். தேத்தண்ணி போட்டுக் கொடுத்தேன். பாதி குடித்தாள். முகத்தில் எலும்பு தெரிந்தது.

"அவரு இன்னும் வாயடிச்சிக்கிட்டுத்தான் இருக்காரு அக்கா" என்றாள். "நல்லவேளை நான் வெட்டிக்கலங்கறாரு. அண்ணன் மாதிரி ரெண்டு தரம் வேதனப்பட்டிருப்பேன், கட்டில்ல சொகமா கெடக்கேன்ங்கறாரு."

அப்போது சொன்னேன். மிதித்ததைச் சொன்னேன். மாமியார் சொன்ன கதை பொய் என்று சொன்னேன். என் கணவர் ஆஸ்பத்திரியில் பொய் சொன்னது எனக்காக என்றும் சொன்னேன்.

அவள் தம்ளரைக் கீழே வைத்தாள்.

"அன்னிக்கு நாங்க ஒங்க வாசல்ல நின்னோமே, அன்னிக்குத் தெரியுமா ஒங்களுக்கு?"

"தெரியும்."

"அவரு கையெழுத்துப் போடாம வந்தாருன்னும் தெரியும்."

"தெரியும்."

அவள் எழுந்து போய் மிச்சத் தேத்தண்ணியைக் கழுவுகிற தொட்டியில் ஊற்றினாள். தம்ளரைத் தேய்த்துக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள். அந்நியர் வீட்டில் குடித்தவள் மாதிரி என் வீட்டில் அவள் தம்ளர் கழுவியது அதுதான் முதல் தரம். பையை எடுத்துக்கொண்டு படி இறங்கிப் போனாள். அதற்குப் பிறகு அவள் வரவில்லை.

கணவர் உள் அறையில் இருந்தார். கதவு திறந்துதான் இருந்தது.

"சொல்லிட்டியா?" என்றார்.

"சொல்லிட்டேன்."

"நான் பொய் சொன்னேன்னு சொன்ன. அது காதுல விழுந்திச்சி."

"எனக்காகத்தான சொன்னீங்க."

"எது?"

"சைக்கிள்ல போனேன்னு."

அவர் என்னை வினோதமாகப் பார்த்தார். "போனேனே" என்றார். "நெசமாத்தான் போனேன். நீ மரம் வெட்டப் போனதும் போனேன். ஒடம்பு லேசா இருந்திச்சி. கிராணியப் போயிப் பாத்திட்டு வந்திடலாம்னு போனேன்."

"டயர்ல காத்து இல்ல."

"அடிச்சேன். பம்பு வாங்கி ரெண்டு டயருக்கும் நானே அடிச்சேன். அடிக்கறப்பவே இடுப்புல ஒண்ணு பட்டுனு விட்டிச்சி. அம்மா கொழாயடிக்குப் போயிருந்திச்சி. அதோடயே ஏறிப் போயி, பாதி வழியில திரும்பிட்டேன்."

நான் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தேன். டாக்டர் கேட்டார், உண்மையைச் சொல்லியிருக்கிறார். அவ்வளவுதான். எனக்காக ஒன்றும் இல்லை.

"ஏங்க இத்தன வருசமா எங்கிட்டச் சொல்லல?"

"நீ கேக்கலயே" என்றார்.

குனிந்து இடது சிலிப்பரைப் பாதத்தில் வைத்து, டியூப் வளையத்தை இழுத்து மாட்டினார். கடைக்குப் போகிற நேரம். படியில் அவர் பாதம் தட்டித் தட்டி இறங்குகிற சத்தம் மூன்று மாடியும் கேட்டது.